எதனோடு எது ஒருங்கிசைகிறது?

ஒருங்கிசைவு என்ற சொல்லை, இலங்கையில் தமிழ்மொழி மூலம் கணிதம் படித்த எவரும் இலகுவில் மறந்திருக்க மாட்டார். இரண்டு முக்கோணிகள் ஒருங்கிசையும் என நிறுவுக என்ற வினாவும், ப.கோ.ப., கோ.கோ.ப., ப.ப.ப., செம்.ப. என்ற சுருக்கக் குறிகளும் பள்ளிக்கூடத்தை விட்டு அரை நூற்றாண்டு கழிந்த பின்னரும் நாவில் நிற்பவை. தமிழகத்தில் படித்தவர்களுக்கு இதே பொருள் ‘சர்வசமம்’. அவர்களது முக்கோணம் நமக்கு முக்கோணி. அவர்களது கர்ணம் நமக்குச் செம்பக்கம். ஒருங்கிசைவைக் குறிக்கும் சொற்களே பாக்கு நீரிணையின் இரு கரைகளிலும் ஒருங்கிசையவில்லை என்பது ஒரு வேடிக்கைதான்.

இவ்விரு சொற்களுள் எது சிறந்தது என்று கேட்டால், ஊர்ப்பற்றை ஒருபுறம் வைத்துவிட்டும் நான் ஒருங்கிசைவின் பக்கமே நிற்பேன். சர்வசமம் என்பது ‘எல்லாம் சமம்’ என்று அடித்துக் கூறிவிடுகிறது. கேத்திரகணிதத்துக்கு அது பொருந்தும். ஆனால் இலத்தீன் மொழியில் ‘கூடிவருதல், உடன்படுதல்’ என்ற பொருளுடைய வினையிலிருந்து பிறந்த அந்த மூலச்சொல், ஐரோப்பிய மொழிகளில் கேத்திரகணிதத்தோடு நின்றுவிடவில்லை. எண்கணிதத்துக்குப் போயிற்று. இலக்கணத்துக்குப் போயிற்று, எழுவாயும் பயனிலையும் இயைவதை ஜேர்மானியர் இன்றும் அச்சொல்லாலேயே குறிப்பிடுகின்றனர். இருபதாம் நூற்றாண்டில் உளவியலுக்குள்ளும் புகுந்தது. இவ்விடங்கள் எல்லாவற்றிலும் ‘எல்லாம் சமம்’ என்று சொன்னால் பிழையாகிவிடும். ‘ஒருங்கே இசைதல்’ என்றால் எங்கும் பொருந்தும்.

சொல்லாராய்ச்சியில் எனக்குள்ள ஆசை மட்டும் இக்கட்டுரைக்குக் காரணமன்று. நம் நாட்டில் ஒற்றுமை, ஒருமைப்பாடு, நல்லிணக்கம் என்ற சொற்கள் மேடைதோறும் முழங்குகின்றன. எதனோடு எது, எந்த அளவுக்கு, எதைக் கணக்கில் எடுத்து எதைத் தள்ளி, என்ற கேள்விகளை எவரும் கேட்பதில்லை. கணித ஆசிரியரும் பண்டிதரும் உளவளத்துணையாளரும் அக்கேள்விகளைக் கேட்காமல் தம் தொழிலைச் செய்யவே முடியாது. ஆகவே அவர்களிடமிருந்து கொஞ்சம் கடன் வாங்கலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் கேத்திரகணிதம். ஏறத்தாழ 2300 ஆண்டுகளுக்கு முன் யூக்கிளிட் தமது நூலில், ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவன சமமானவை என்று ஒரு பொதுக்கருத்தை முன்வைத்தார். இரண்டு பக்கங்களும் அவற்றின் இடைக்கோணமும் சமமாயின் முக்கோணிகள் இரண்டும் பொருந்தும் என்ற தேற்றத்தை, ஒரு முக்கோணியைத் தூக்கி மற்றதன்மேல் வைத்துப் பார்ப்பதாகக் கற்பனை செய்தே நிறுவினார். பிற்காலக் கணித அறிஞர் பலருக்கு இந்த ‘தூக்கி வைத்தல்’ உறுத்தலாகவே இருந்தது. தூக்கும்போது உருவம் மாறவில்லை என்பதற்கு உத்தரவாதம் என்ன? மாறாது என்று நீங்கள் சொன்னால், நிறுவ வேண்டியதையே முற்கூட்டி எடுத்துக்கொண்டு விட்டீர்கள் அல்லவா? 1899 இல் டேவிட் ஹில்பேட் கேத்திரகணிதத்தின் அத்திவாரத்தை மறுபடி இட்டபோது, அத்தேற்றத்தின் சாரத்தை வெளிப்படையுண்மைகளுள் ஒன்றாகவே சேர்த்துக்கொண்டார். நிறுவ முடியாததை நிறுவியதாகப் பாசாங்கு செய்வதைவிட, ஏற்றுக்கொள்கிறோம் என்று கூறிவிடுவது நேர்மையானது.

இதில் இன்னொன்றும் உண்டு. கேத்திரகணிதத்தில் எந்த முக்கோணியைத் தூக்கி எதன்மேல் வைத்தாலும் ஒன்றே. முதலாவது இரண்டாவதோடு ஒருங்கிசைந்தால் இரண்டாவதும் முதலாவதோடு ஒருங்கிசையும். நம் அரசியலில் ‘ஒருமைப்பாடு’ என்ற பெயரில் நடப்பது அப்படியா? ஓர் உருவம் எப்போதும் அசையாமல் கிடக்கிறது. மற்றதே எப்போதும் தூக்கப்படுகிறது. பொருந்தாத மூலைகள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் கத்தரிக்கோல் வருகிறது. வெட்டிய பின்னர் இரண்டும் பொருந்துகின்றன என்று அறிவிப்பதற்கு எந்தக் கணித ஆசிரியரும் புள்ளி போடமாட்டார்.

எண்கணிதத்தின் கதை வேறு. 1801 இல் காவுஸ் என்ற ஜேர்மானிய மேதை, தமது இருபத்துநான்காவது வயதில், இலத்தீனில் எழுதிய பெருநூலொன்றை வெளியிட்டார். அதன் தொடக்கத்திலேயே ஒருங்கிசைவுக்கு ஒரு புதிய வரைவிலக்கணம் தந்தார். இரண்டு எண்களின் வித்தியாசம் ஒரு குறிப்பிட்ட எண்ணால் மீதியின்றி வகுபடுமாயின், அவ்விரண்டும் அந்த எண்ணைப் பொறுத்து ஒருங்கிசைவன. அந்த எண்ணுக்கு ‘மட்டு’ என்று பெயர். சமக்குறியின் இரு கோடுகளுக்குப் பதிலாக மூன்று கோடுகளை இட்டு இவ்வுறவைக் குறித்தவரும் அவரே.

இது பெரிய வித்தையன்று. நாம் அன்றாடம் செய்வதுதான். 14 மணி என்று புகையிரத நேர அட்டவணை கூறினால் பிற்பகல் இரண்டு மணி என்று புரிந்துகொள்கிறோம். 14 உம் 2 உம் சமமல்ல. மட்டு 12 இல் ஒருங்கிசைவன. இன்று வெள்ளிக்கிழமையாயின் இருபத்தொரு நாள் கழிந்தும் வெள்ளிக்கிழமையே. நமது தேசிய அடையாள அட்டை இலக்கத்தை எடுத்துப் பாருங்கள். பிறந்த ஆண்டைக் குறிக்கும் இலக்கங்களுக்கு அடுத்து வரும் மூன்று இலக்கங்களும் ஆண்டின் எத்தனையாவது நாளில் பிறந்தீர்கள் என்பதைக் காட்டும். பெண்ணாயின் அதனோடு 500 கூட்டப்படும். தை முதலாந் திகதி பிறந்த ஆணுக்கு 001, பெண்ணுக்கு 501. ஒரே நாளில் பிறந்த ஆணும் பெண்ணும் மட்டு 500 இல் ஒருங்கிசைகின்றனர் என்று காவுஸ் சொல்லியிருப்பார். ஆட்பதிவுத் திணைக்களத்தார் அப்படிச் சிந்தித்தார்களோ தெரியாது.

நம் முன்னோர் இவ்வகை எண்ணத்துக்கு நன்கு பழகியவர்கள். பிரபவ முதல் அட்சய ஈறாக அறுபது ஆண்டுகள் சுற்றிச் சுற்றி வருவது மட்டு 60 அன்றி வேறென்ன? அதனால் வரும் தொல்லையையும் பழைய அச்சுப் புத்தகங்களைப் புரட்டியவர்கள் அறிவர். முகப்பில் ‘பிரமாதி வருஷம் கார்த்திகை மாதம்’ என்று மட்டும் இருக்கும். அது 1879 ஆ, 1939 ஆ? (ஆறுமுக நாவலர் மறைந்த ஆண்டு அந்த 1879 பிரமாதிதான்.) தாளின் பழைமையையும் எழுத்தின் வடிவத்தையும் வைத்தே முடிவுசெய்ய வேண்டியிருக்கும். சுழற்சிப் பெயர் எதைத் தந்ததோ அதை ஒழுங்காகவே தந்தது. எத்தனை சுற்று என்பதை அது தள்ளிவிட்டது, அவ்வளவே.

இங்குதான் காவுஸ் நமக்கு உதவுகிறார். ஒருங்கிசைவு என்று சொல்லும்போது மட்டையும் கூடவே சொல்லியாக வேண்டும். மட்டைச் சொல்லாத ஒருங்கிசைவு பொருளற்றது. ‘நாமெல்லோரும் இலங்கையர், நமக்குள் வேறுபாடு இல்லை’ என்று ஒருவர் சொன்னால், எந்த மட்டில் என்று கேட்பது குதர்க்கம் ஆகாது. வரி செலுத்தும் மட்டிலா? பொலிஸ் நிலையத்தில் தம் மொழியில் முறைப்பாடு எழுதுவிக்கும் மட்டிலா? முதலாவதில் ஒருங்கிசைவு கனகச்சிதமாக இருக்கும். இரண்டாவதில் மீதி நிறைய வரும்.

இனி, என் தொழிலுக்கு மிக நெருக்கமான இடத்துக்கு வருகிறேன்.

தமிழில் ஒரு வினைமுற்றை எழுதிவிட்டால் ஒரு தீர்ப்பையும் எழுதிவிட்டோம் என்று பொருள். வந்தான், வந்தாள், வந்தார், வந்தது, வந்தன. திணை, பால், எண், இடம் அனைத்தும் அந்த விகுதியில் ஏறி உட்கார்ந்துகொள்கின்றன. மலையாளம் இந்தச் சுமையை இறக்கி வைத்துவிட்டது; அங்கு யார் வந்தாலும் வினை ஒன்றே. பேச்சுச் சிங்களத்திலும் அப்படியே. எழுத்துச் சிங்களத்தில் மாத்திரம் இயைபு காக்கப்படுகிறது. ஆங்கிலத்திலோ படர்க்கை ஒருமையில் ஓர் எழுத்து ஒட்டுவதோடு பெரும்பாலும் வேலை முடிந்துவிடும். ஆங்கிலப் பத்திரிகையாளன் ஒருவன் கைதானவர் அமைச்சரா மூட்டை தூக்குபவரா என்று பாராமல் வினையை எழுதிவிட்டுப் போகலாம். தமிழ்ப் பத்திரிகையாளனுக்கு அந்தச் சலுகை இல்லை. ‘கைது செய்யப்பட்டான்’ என்பதா, ‘கைது செய்யப்பட்டார்’ என்பதா? நீதவான் விசாரணையைத் தொடங்குமுன்னரே செய்தி மேசையில் இருப்பவன் தன் தீர்ப்பை விகுதியில் வழங்கியாக வேண்டும்.

பல்லாண்டுக் காலமாக நமது பத்திரிகைகள் அத்தீர்ப்பை எவ்வாறு வழங்கின என்பது பெருமைப்படத்தக்க வரலாறன்று. கோழி திருடியவன் ‘ஓடினான்’. கோடி கையாடியவர் ‘தலைமறைவானார்’. வீட்டு வேலைக்கு வைக்கப்பட்டிருந்த மலையகச் சிறுமி ‘இறந்தாள்’. வீட்டு எசமானி ‘வாக்குமூலம் அளித்தார்’. ஒரே செய்தியின் ஒரே பந்தியில் இவ்விரண்டும் வந்ததை நான் கண்டிருக்கிறேன். ஒப்புநோக்குநர் அதைப் பிழையெனக் குறிக்கவில்லை. இலக்கணப்படி பிழை எதுவும் இல்லையே! சிறுமி பெண்பால் ஒருமை. ‘இறந்தாள்’ என்பது வழாநிலை. எசமானிக்கு வந்த ‘ஆர்’ விகுதிதான் உண்மையில் வழு.

ஆம், வழுவேதான். ஒருவரைப் பன்மையாற் சொல்வது உயர்த்திச் சொல்லும் வழக்கு என்றும், அது வழக்கினால் ஏற்கப்படுவதேயன்றி இலக்கண நெறி அன்று என்றும் தொல்காப்பியர் கிளவியாக்கத்திலே சொல்லியிருக்கிறார். மரியாதை என்பது தமிழ் இலக்கணத்தின் கண்ணில் ஓர் இயையாமை, பொறுத்துக்கொள்ளப்படும் இயையாமை. அதற்கு நம் இலக்கணகாரர் இட்ட பெயர் வழுவமைதி. இயைபுக்கு வழாநிலை, இயையாமைக்கு வழு என்று இரண்டோடு நிறுத்தாமல், காரணத்தோடு கூடிய இயையாமைக்கென மூன்றாவதாக ஒரு பெயரைக் கண்டதில் பெரிய நுட்பம் இருக்கிறது.

என்ன காரணங்கள் என்று நன்னூலார் சொல்கிறார். மகிழ்ச்சி, உயர்வு, சிறப்பு, கோபம், இழிவு ஆகிய ஐந்தின் நிமித்தம் திணையும் பாலும் பிறழ்ந்து வந்தாலும் அது இயல்பே என்பது அவரது துணிபு. பசுவை ‘என் அம்மை வந்தாள்’ என்பதும், ஆத்திரத்தில் மனிதனை ‘அது’ என்பதும் இதனால் அமைகின்றன. தொல்காப்பியத்தில், பொருளால் உயர்திணையாக இருந்தும் அஃறிணை முடிபு கொள்ளும் சொற்களின் பட்டியல் ஒன்று உண்டு. அரசு அதில் இருக்கிறது. அடிமையும் அதில் இருக்கிறது. குழவியும் விருந்தும் இருக்கின்றன. காதலால் அவ்வாறு சொல்வதும் அதே பட்டியலில் இடம்பெறுகிறது.

யாழ்ப்பாணத்தில் வயோதிப மாது ஒருவரைப் பற்றி, ‘அது பாவம், தனிய இருக்குது’ என்பார்கள். பிற நாடுகளில் வளர்ந்த நம் பிள்ளைகள் இதைக் கேட்டால் திடுக்கிடக்கூடும். மனிதரை அஃறிணையாக்கி விட்டார்களே என்று. சொல்பவரின் குரலைக் கேட்டால் திடுக்கம் தீரும். அதே ‘அது’வை வெறுப்போடும் சொல்வார்கள், கூலிக்கு வந்தவரை வாசலில் நிறுத்தி வைத்துச் சொன்னதைப் போல. எழுத்தில் இரண்டும் ஒன்றே. மட்டு இலக்கணத்தில் இரண்டும் ஒருங்கிசைவன என்று வேண்டுமானால் சொல்லலாம். மீதி முழுவதும் உள்ளத்தில் கிடக்கிறது.

ஆக, எழுவாயோடு பயனிலை இசைவது ஒரு பொருத்தம். சொல்லோடு உள்ளம் இசைவது இன்னொரு பொருத்தம். இரண்டும் மோதினால் இரண்டாவதற்கு வழிவிடலாம் என்று பதின்மூன்றாம் நூற்றாண்டுப் பவணந்தியார் அனுமதி கொடுத்திருக்கிறார். உளவியலார் ஒருங்கிசைவு என்று சொல்வது இந்த இரண்டாவதைத்தான்.

அமெரிக்க உளவியலாளர் கார்ல் றொஜர்ஸ் (1902–1987) 1957 இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையொன்றில், உளச் சிகிச்சை பலன் தருவதற்கு வேண்டிய நிபந்தனைகளை ஆறாக வகுத்தார். உதவி நாடி வருபவர் ஒருங்கிசைவற்ற நிலையில் இருக்கிறார் என்பது அவற்றுள் ஒன்று. உதவுபவர் அந்த உறவில் ஒருங்கிசைவோடு இருக்க வேண்டும் என்பது இன்னொன்று. உள்ளே நிகழும் அனுபவம், அதைப் பற்றிய தன்னுணர்வு, வெளியே வரும் சொல் ஆகிய மூன்றும் பொருந்தியிருப்பதையே அவர் ஒருங்கிசைவு என்றார். பசித்து அழும் குழந்தையிடம் இம்மூன்றும் ஒன்றாயிருக்கும். முகம் சிவந்து, குரல் உயர்ந்து, மேசையில் தட்டியபடி ‘எனக்குக் கோபமே இல்லை’ என்று சாதிக்கும் பெரியவரிடம் இராது. அவர் பொய் சொல்லவில்லை என்பதே றொஜர்ஸ் கண்ட நுட்பம். தனக்குக் கோபம் வந்திருப்பது அவருக்கே தெரியாது. சபையிலுள்ள மற்ற எல்லோருக்கும் தெரியும்.

இதை மலினப்படுத்தும் பேச்சாளர்களும் உண்டு. தொடர்பாடல் பயிற்சி என்று சொல்லிக் கட்டணம் அறவிடும் கருத்தரங்குகளில், செய்தியில் 7 சதவீதமே சொல், 38 சதவீதம் குரல், 55 சதவீதம் முகபாவம் என்று திரையில் காட்டுவார்கள். ஆல்பேட் மெஹ்ராபியன் என்பவர் 1967 இல் வெளியிட்ட ஆய்வுகளிலிருந்து பிடுங்கிய எண்கள் அவை. விருப்பையும் வெறுப்பையும் தெரிவிக்கையில் சொல்லும் குரலும் முகமும் ஒன்றோடொன்று முரண்பட்டால் கேட்பவர் எதை நம்புகிறார் என்பதே அங்கு ஆராயப்பட்டது. இயையாமையைப் பற்றிய ஆய்வை எல்லாப் பேச்சுக்கும் பொதுவிதியாக்கி விட்டார்கள். சொல்லுக்கு 7 சதவீதந்தான் பெறுமதி என்றால் அக்கருத்தரங்கை அபிநயத்தோடு மாத்திரம் நடத்திக் காட்டலாமே!

றொஜர்ஸ் தமது கொள்கையைச் சிகிச்சை அறையோடு நிறுத்தவில்லை. 1972 இல் வட அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரைச் சேர்ந்த கத்தோலிக்கர், புரட்டஸ்தாந்தியர் அடங்கிய சிறு குழுவொன்றை ஒரே அறையில் இருத்தி, மனம் திறந்து பேசவைத்தார். அது படமாகவும் எடுக்கப்பட்டது. அவ்வறையில் எவரும் எவரோடும் உடன்பட வேண்டும் என்று கேட்கப்படவில்லை. உள்ளிருப்பதைச் சொல், சொன்னதைக் கேள் என்பதே ஏற்பாடு. கோபம் கோபமாகவும் துயரம் துயரமாகவும் வெளிவர இடமிருந்தது. உடன்பாட்டுக்கும் ஒருங்கிசைவுக்கும் உள்ள வேறுபாடு இதுவே. நம் நாட்டில் நல்லிணக்கக் கூட்டங்களில் முதலில் புன்னகை வேண்டப்படுகிறது; படம் எடுக்கிறார்கள் அல்லவா?

போர் முடிந்த பின்னர் வடக்கிலும் கிழக்கிலும் உளவளத்துணை (சீர்மியம் என்ற சொல்லும் யாழ்ப்பாணத்தில் வழங்குகிறது) பெரும் தேவையாயிற்று. அதற்கு வருவோரை ‘ஏற்றுக்கொள்ளும்’ மனநிலைக்குக் கொண்டுவருவதே வேலை என்று கருதும் அதிகாரிகளும் இருக்கிறார்கள். ஒருங்கிசைவற்றவர் யார் என்பதை இவர்கள் எப்படித் தீர்மானிக்கிறார்கள் என்று எனக்கு விளங்குவதில்லை.

ஓர் உதாரணம் போதும். 2016 இல் நிறைவேற்றப்பட்ட சட்டத்தின்கீழ் அமைந்த அலுவலகத்தின் பெயர் தமிழில் ‘காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம்’. உறவினர்களோ ‘வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர்’ என்கிறார்கள். ‘போன’ என்பது தன்வினை; தானாகப் போனார் என்ற பொருளுக்கு இடம் வைக்கிறது. ‘ஆக்கப்பட்ட’ என்பது செயப்பாட்டுவினை. செய்தவர் ஒருவர் இருக்க வேண்டும், அவர் யாரென்ற கேள்வி அதன் விகுதிக்குள்ளேயே கிடக்கிறது. செய்தி எழுதும் நாங்கள் இவ்விரண்டையும் ஒருபொருட் சொற்களாக மாற்றி மாற்றி எழுதுகிறோம், இடத்துக்கு ஏற்ற நீளம் பார்த்து. அவை ஒருங்கிசைவன அல்ல. ஒன்றை எழுதுமுன் எது என் துணிபு என்று பத்திரிகையாளன் தன்னைக் கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும். ‘ஆன்’ என்பதா ‘ஆர்’ என்பதா என்பதிலும் அப்படியே. குற்றவாளிக் கூண்டில் நிற்பவருக்கும் தேயிலைக் கொழுந்து கொய்பவருக்கும் தெருவில் இறந்து கிடந்தவருக்கும் ‘ஆர்’ விகுதியையே இடுவது என்று ஒவ்வொரு தமிழ்ப் பத்திரிகையும் தன் நடைக்கையேட்டில் எழுதிவைக்க வேண்டும் என்பது என் கருத்து. அது இலக்கண வழுவாயின், எசமானிக்கு மட்டும் அமைந்த வழு எல்லோருக்கும் அமையட்டும்.

வழுக்கள் ஏழு என்பர்: திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு. எண் வழுவைப் பாலில் அடக்குவர். இவற்றுள் காலத்தைப் பற்றி நான் இதுவரை எதுவும் சொல்லவில்லை. 2017 மாசி மாதத்தில் கிளிநொச்சியில் தொடர் போராட்டம் ஆரம்பித்த தாய்மார் பேசும்போது கேட்டிருப்பீர்கள். 2009 இல் கையளித்த மகனைப் பற்றி ‘அவன் நல்லாப் படிப்பான்’, ‘அவனுக்கு இப்ப முப்பத்தைந்து வயது’ என்பார்கள். அவன் ‘படிப்பவனாக இருந்தான்’ என்று அவர்கள் சொல்வதில்லை. மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணாமற்போனமைக்கு ஒரு சான்றிதழ் வழங்கவும் சட்டத்தில் இடமுண்டு. பலர் அதையும் வாங்க மறுத்தனர். ஒரு காகிதத்தை வாங்கிய பின்னர் மகனைப் பற்றி எந்தக் காலத்தில் பேசுவது என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. அப்போராட்டப் பந்தலில் உட்கார்ந்த தாய்மாருள் பலர் விடை கிடைக்காமலேயே இறந்துவிட்டனர். அவர்களது மரணச் செய்திகளில் நாங்கள் ‘மகனைத் தேடி வந்த தாய் காலமானார்’ என்று எழுதினோம். தாய்க்கு இறந்தகாலம் எழுதியாயிற்று. மகனுக்கு எந்தக் காலம் எழுதுவது என்று செய்தி மேசையில் இன்னமும் எவரும் தீர்மானிக்கவில்லை.